வெள்ளறடை வார்டு

போன மாதம் ஒரு மத்தியானம், சோறு உண்டுவிட்டுக் கை அலம்பிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. நான் இருந்த நாற்காலியில் இப்போது இருக்கும் பெண், பெயர் ஆதிரா. ஆஸ்பத்திரிக்குப் புதிய மென்பொருள் வருகிறதாம். பழைய ட்யூட்டி ஷீட்டில் உள்ளதையெல்லாம் அதற்குள் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். ஆண்கள் வார்டு, பெண்கள் வார்டு, பிரசவ வார்டு, காஷுவாலிட்டி எல்லாம் ஒழுங்காக ஏறிவிட்டன. ஒன்றை மட்டும் எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"சாரே, வெள்ளறடையில நமக்கு ஒரு வார்டு உண்டா?" என்று கேட்டாள்.

உண்டு என்றேன். எந்தக் கட்டடம் என்றாள். அந்த மலையோர ஊரில் ரப்பர் தோட்டத்தை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட இரண்டு அறை வீடு என்றேன். ஓய்வு பெற்ற பிறகு மனிதருக்குத் தலை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பாள். போனில் அவளிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதிவிடலாமே என்று உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டில் தாத்தா தாலுகா கச்சேரியில் எழுத்து வேலை பார்த்தவர். அப்பா பத்திர ஆபீஸ் குமாஸ்தா. நான் கேரள எல்லை தாண்டினதும் வரும் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, மெயின் ரோட்டு ஓரத்தில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டைம் ஆபீஸ் கிளார்க். மூன்று தலைமுறையாக அடுத்தவர் பெயரை எழுதியே சாப்பிட்ட குடும்பம். ஆஸ்பத்திரி வாசலை ஒட்டிய சின்ன அறை என்னுடையது. அதன் ஜன்னலுக்கு வெளியேதான் வருகைப் பதிவுக்கு விரல் வைக்கும் மெஷின் இருந்தது. டாக்டர் தவிர்த்து எல்லோரும் அந்த ஜன்னலைக் கடந்துதான் உள்ளே போகவும் வெளியே வரவும் முடியும்.

அட்டெண்டர்களுக்கு இரண்டே ஷிப்ட். காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை டே, அதன் பிறகு விடியும்வரை நைட். யாருக்கு டே, யாருக்கு நைட், யார் எந்த வார்டு என்பதைத் தீர்மானித்தது அன்னம்மா மேட்ரன். வடக்கே கோட்டயம் பக்கத்துக்காரர். இங்கே எத்தனையோ வருடம் இருந்தும் எங்கள் தமிழை அவர் பேசவில்லை. நாங்கள் தமிழில் சொல்வோம், அவர் மலையாளத்தில் பதில் சொல்வார். இரண்டு பக்கமும் யாருக்கும் ஒன்றும் புரியாமல் போனதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் நான் அவர் அறைக்குப் போக வேண்டும். மேசைமேல் ஒரு வெள்ளைத் தாள், பென்சில், ரப்பர், ஒரு டம்ளர் சீரகத் தண்ணீர். நான் பெயரை வாசிப்பேன். அவர் உடனே எழுத மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, "வீட்டில் ஆருண்டு?" என்பார். என்னிடம் கேட்கும் கேள்வி இல்லை அது. அந்த ஆளின் வீட்டில் அந்த வேளையில் யார் இருப்பார்கள், யார் காய்ச்சலாகக் கிடக்கிறார்கள், எந்தப் பிள்ளைக்குப் பரீட்சை என்று தனக்குள்ளே ஒரு நடை போய்விட்டு வருவார். பிறகுதான் பென்சில் நகரும்.

காரணம் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது. ஆறுதல் சொல்லும் பழக்கமும் கிடையாது. ட்யூட்டியை மாற்றித் தரச் சொல்லி யாராவது அழுதுகொண்டு வந்தால் தாளையும் ரப்பரையும் அவர்கள் பக்கமாகத் தள்ளுவார். "ஆரெ மாய்க்கணும்? நீயே மாய்ச்சோ" என்பார். உன் இடத்தில் யாரை வைப்பது, நீயே பார்த்து அழித்து எழுதிக்கொள் என்று பொருள். வந்தவர்கள் ரப்பரைக் கையில் எடுப்பார்கள். வரிசையாக உள்ள பெயர்களைப் பார்ப்பார்கள். கொஞ்சம் நின்றுவிட்டு ரப்பரை மேசைமேல் வைத்துவிட்டுப் போவார்கள். ஒருத்தர்கூட அழித்து நான் கண்டதில்லை. அவரிடம் எனக்குப் பயம் இருந்தது. அதைவிட அதிகமாகப் பிரியம் இருந்தது.

அவர் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் நிர்வாகம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றச் சொன்னது. என்னை நெய்யாற்றின்கரையில் ஒரு சென்டருக்கு அனுப்பினார்கள். ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகள் நடுவே உட்கார்ந்து எக்செல் படித்தேன். அவர்கள் என்னை அங்கிள் என்று கூப்பிட்டு, மவுஸை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக் கொடுத்தார்கள். ரோஷமாக இருந்தது, ஆனாலும் படித்துவிட்டேன். அந்தப் படிப்பைப் பற்றி இவ்வளவு போதும்.

வேலை எனக்குப் பிடித்துப்போனது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆஸ்பத்திரி என்பது திரும்பத் திரும்ப வரும் வேலைகளால் ஓடுவது. ஆக்சிஜன் சிலிண்டரின் முள்ளைப் பார்க்க வேண்டும். சளி உறிஞ்சும் சக்ஷன் ஜாடியைக் கழுவ வேண்டும். மூத்திரப் பையைக் காலி செய்ய வேண்டும். வாதம் வந்து கிடப்பவர்களுக்குப் படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஷீட்டில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி. எந்த இடம், எத்தனை ஆள் வேண்டும், எத்தனை நேரத்துக்கு ஒரு தரம், அது எந்த நாளோடு முடியும் என்று நான் நிரப்புவேன். யாருடைய முறை என்பதை ஷீட் தானே சுற்றுக்கு விட்டுக் கண்டுபிடிக்கும். ஷீட்டை ஆபீஸ் காலண்டரோடு இணைத்துவிட்டால், வேளை வரும்போது அந்த ஆளின் போனுக்கு மெசேஜ் போய்விடும். சத்தம் போட்டுக் கூப்பிட ஒருவரும் வேண்டாம். மறந்தேன் என்று சொல்லவும் முடியாது.

தொடக்கத்தில் கோளாறு வராமல் இல்லை. அகஸ்டின் என்று ஓர் அட்டெண்டர், பூவார்க்காரன். ஆங்கில எழுத்து வரிசையில் அவன் பெயர்தான் முதல். ஒவ்வொரு வாரமும் ஷீட் தலையிலிருந்தே சுற்றத் தொடங்கியதால், பிணவறைச் சாவி வாராவாரம் திங்கட்கிழமை அவன் கைக்கே போயிற்று. பொறுத்துப் பார்த்துவிட்டு ஜன்னலுக்கு வந்தான்.

"எனக்க அப்பன் எனக்கு விக்டர்ண்ணு பேரிட்டிருந்தா நான் ரெட்சப்பட்டிருப்பேன் ஆக்கும், சாரே" என்றான்.

போன வாரம் எந்தப் பெயரில் நின்றதோ அதற்கு அடுத்த பெயரிலிருந்து தொடங்கும்படி ஷீட்டைத் திருத்தினேன். அகஸ்டின் எனக்குப் பூவாரிலிருந்து மீன் கொண்டுவந்து தந்தான். நான் சைவம் என்பது அவனுக்கு நினைவில்லை.

மேட்ரன் கம்ப்யூட்டரை எதிர்க்கவில்லை, நம்பவும் இல்லை. சில வாரம் பென்சிலால் தனியாக ஒரு சார்ட் எழுதி, என் ஷீட்டின் பிரிண்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு சனிக்கிழமை இரண்டு பெயர்களில் விரலை வைத்து நிறுத்தினார். ஜஸ்டின், ஷைலா. ஷீட் இரண்டு பேருக்கும் டே போட்டிருந்தது.

"வெள்ளறடயில் ஆளில்லல்லோ" என்றார்.

ஜஸ்டினும் ஷைலாவும் புருஷன் பெண்சாதி. இருவரும் எங்களிடம் அட்டெண்டர்கள். வெள்ளறடையில் வீடு. ஒரே பிள்ளை, லிஜி. பிறந்ததிலிருந்தே கையும் காலும் வழங்காது, பேச்சும் இல்லை. கஞ்சியைக் கரண்டியால் ஊட்ட வேண்டும், நெஞ்சில் சளி கட்டாமல் முதுகைத் தட்டிக் கொடுக்க வேண்டும், புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இரண்டு சம்பளம் இல்லாமல் மருந்துக்குக் காணாது. அதனால் ஒருவர் ஆஸ்பத்திரியில் என்றால் மற்றவர் வீட்டில். இத்தனை வருடமும் மேட்ரனின் பென்சில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு இது தெரியாதது அல்ல, ஆனால் ஷீட்டுக்கு யார் சொன்னார்கள்?

இவர்கள் இருவரும் ஒரே ஷிப்டில் சேரக் கூடாது என்று ஒரு விதி எழுதிவிடுகிறேன் என்றேன். மேட்ரனுக்குப் பிடிக்கவில்லை. கல்யாணம் கட்டிய இரண்டு பேரைப் பற்றிச் சேரக் கூடாது என்று எதற்கு எழுதுகிறாய் என்று கேட்டார். அங்கே ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதானே. ஆண்கள் வார்டுக்கு நாலு ஆள் வேண்டும் என்று எழுதுகிறாய் அல்லவா, அதே மாதிரி எழுது என்றார்.

அப்படித்தான் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வெள்ளறடையில் ஒரு வார்டு வந்தது. இடம்: வெள்ளறடை. ஆள்: ஒன்று. போகத் தகுந்தவர்கள்: ஜஸ்டின், ஷைலா.

ஷீட் அதன் பிறகு ஒரு தரம்கூட அந்த வார்டைக் காலியாக விடவில்லை. ஜஸ்டினுக்கு இது பெரிய வேடிக்கை. தன் போனில் வெள்ளறடை ட்யூட்டி என்று வருவதை எல்லோரிடமும் காட்டுவான். வீட்டிலும் மருந்து நேரம் மறந்து போகிறது, அங்குள்ள வேலைகளையும் போட்டுவிடுங்கள் என்று அவனே கேட்டான். போட்டேன். லிஜிக்கு மருந்து. லிஜியைப் புரட்டிப் படுக்க வைக்க. லிஜிக்கு முதுகு தட்ட. எந்த நாளோடு முடியும் என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. எழுதக் கை வரவில்லை.

அவர்கள் ட்யூட்டி கை மாறியது என் ஜன்னலுக்கு முன்னால்தான். வீட்டிலிருந்து வருகிறவர் ஆஸ்பத்திரியிலிருந்து போகிறவரிடம் சொல்வார். அந்த இடைவெளிக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி பிள்ளையிடம் இருப்பாள். நர்சுகள் ஷிப்ட் மாறும்போது ரிப்போர்ட் கொடுப்பார்களே, அதே கணக்குத்தான்.

"கஞ்சி நாலு கரண்டி குடிச்சா. வலப்பக்கமாட்டு கிடத்தியிருக்கு. நான் இறங்கும்போ சிரிச்சா கேட்டியா" என்பாள் ஷைலா.

"எனக்க பேரு சொன்னியா?"

"சொன்னேன். அதுக்குத்தான் சிரிச்சா."

அவன் சிரித்துக்கொண்டே வெள்ளறடை பஸ்ஸுக்கு ஓடுவான். ஒரு நாளில் அவர்கள் சேர்ந்து நின்றது அந்தச் சில நிமிடம். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் இரண்டு பேரும் ஒருமிக்க உட்கார்ந்து சாப்பிட்டது அபூர்வம். அதை ஒரு குறையாக அவர்கள் சொல்லி நான் கேட்டதும் இல்லை.

மேட்ரன் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். ஷீட் முழுவதும் என் பொறுப்பாயிற்று.

லிஜி போனது ஒரு மழைக்காலத்தில். நெஞ்சில் சளி கட்டியது, எங்கள் ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தார்கள், எல்லோரும் ஓடி ஓடிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. செய்தி வந்ததும் நான் செருப்பை மாட்டுவதற்கு முன் செய்த காரியம், அந்தப் பிள்ளையின் பெயர் உள்ள மெசேஜ்களை ஒவ்வொன்றாக நிறுத்தியது. கல்லறைத் தோட்டத்தில் நிற்கும்போது அவர்கள் போனுக்கு அது வந்துவிடக் கூடாது. கடைசி வரியை நீக்கும்போது எனக்குக் கண் தெரியவில்லை.

வார்டை நான் தொடவில்லை. அவர்கள் லீவு முடிந்து வந்த பிறகு ஜஸ்டினிடம் கேட்டேன். இனி வெள்ளறடையை எடுத்துவிடட்டுமா, இரண்டு பேருக்கும் ஒரே ஷிப்ட் தரலாமே என்றேன். அவன் மெஷினையே பார்த்துக்கொண்டு, அது அங்ஙன கிடக்கட்டு என்று சொல்லிவிட்டுப் போனான். ஷைலாவிடம் தனியாகக் கேட்டேன். அவளும் அதையேதான் சொன்னாள். எனக்குப் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே திரும்பி வந்தாள்.

"நான் இஞ்ச ட்யூட்டியில நிக்கும்போ, அவரு வீட்டில உண்டுண்ணா பிள்ளையும் உண்டுண்ணு தோணும், சாரே. ரெண்டாளும் வீட்டில இருந்தா, அவ இல்லேண்ணு தெரிஞ்சுபோவும்."

ஷீட் பாட்டுக்கு ஓடியது. அவன் டே என்றால் இவள் நைட். பிள்ளை இல்லாத வீட்டுக்கு முறை வைத்து ஒருவர் மாற்றி ஒருவர் போய்க்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு முன்னால் இப்போதும் சந்தித்தார்கள். கொடுக்கத்தான் ரிப்போர்ட் இல்லை. பஸ் கிட்டியதா என்று ஒருவர் கேட்பார், கிட்டியது என்று மற்றவர் சொல்வார். பிறகு இருவரும் ஆளுக்கொரு பக்கமாகத் தரையைப் பார்த்துவிட்டு விலகுவார்கள். தினம் இரண்டு வேளை அதைப் பார்ப்பது எனக்குச் சங்கடமாக இருந்தது. அந்த நேரத்தில் வேண்டுமென்றே எழுந்து அலமாரிப் பக்கம் போய்விடுவேன்.

அப்படியிருக்க, ஜஸ்டின் ஒரு வெள்ளிக்கிழமை வந்து எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிபிகேட் கேட்டான். மஸ்கட்டில் அவன் அத்தை மகன் இருக்கிறானாம், அங்கே ஒரு கிளினிக்கில் ஆள் எடுக்கிறார்களாம். ஷைலாவுக்குத் தெரியுமா என்றேன். சொல்லணும் என்றான். இருந்த ஒரு பிணைப்பு போயிற்று, இவன் கடல் தாண்டிவிட்டால் இரண்டு பேரும் இரண்டு கரையில் நின்றுவிடுவார்கள் என்று எனக்குப் பட்டது. ஆனால் சர்ட்டிபிகேட் கேட்டால் கொடுக்காமலிருக்க டைம் ஆபீஸுக்கு உரிமை இல்லை. டைப் அடித்துக் கையெழுத்துக்கு அனுப்பினேன்.

மறுநாள் சனிக்கிழமை, ஷீட் போடும் நாள். வேலையில் மனது ஓடவில்லை. அன்னம்மா மேட்ரனுக்குப் போன் செய்தேன். குரல் தளர்ந்திருந்தது, மற்றபடி ஆள் அதே ஆள்தான். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை இல்லை. வெள்ளறடையில் இப்போது எத்தனை ஆள் போடுகிறாய் என்று கேட்டார். ஒன்று என்றேன்.

"ரெண்டாள் வேண்ட வார்டில் ஒராளெ இட்டால் நில்குமோ?" என்றார். இரண்டு ஆள் வேண்டிய வார்டில் ஒருவரைப் போட்டால் அவர் எப்படித் தாங்குவார் என்று பொருள். சொல்லிவிட்டு என் வீட்டு விசேஷங்களை விசாரித்துப் போனை வைத்துவிட்டார்.

நான் ஷீட்டைத் திறந்தேன். இடம்: வெள்ளறடை. ஆள் என்ற கட்டத்தில் ஒன்றை அழித்து இரண்டு என்று போட்டேன். நாள்: ஞாயிறு, டேயும் நைட்டும். டேக்கு ஒன்று, நைட்டுக்கு ஒன்று என்று ஆஸ்பத்திரியில் இரண்டு ஆள் குறைந்தது. அகஸ்டினைக் கூப்பிட்டுக் கேட்டேன். பிணவறைச் சாவியைத் தராமலிருந்தால் வருகிறேன் என்றான். இன்னொரு ஆளையும் அவனே கூட்டி வருவதாகச் சொன்னான்.

பிறகுதான் சிக்கல். வேலை என்ன என்று நிரப்பாமல் ஷீட் ஏற்றுக்கொள்ளாது. நான் எழுதிய விதி அது, என் கழுத்தையே பிடித்தது. புரட்ட, ஊட்ட, தட்ட அங்கே யாரும் இல்லை. அந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து செய்ய என்ன வேலை இருக்கிறது என்று வெகுநேரம் யோசித்தேன். கடைசியில் மரவள்ளிக்கிழங்குதான் நினைவுக்கு வந்தது; ஆபீஸ் தமிழை விட்டுவிட்டு வீட்டுப் பேச்சிலேயே அடித்தேன்: மரச்சீனி அவிச்சு, ரெண்டாளும் ஒருமிச்சு இருந்து தின்னணும். வேற வேலை ஒண்ணும் இல்லை.

மெசேஜ் போன கொஞ்ச நேரத்தில் ஜஸ்டின் ஜன்னலுக்கு வந்துவிட்டான். அவன் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். இது என்ன விளையாட்டு, பிள்ளை போன வீட்டை வைத்தா கேலி செய்கிறீர்கள் என்று கேட்டான். என்னை வேறே ஏதாவது வார்டுக்கு மாற்றுங்கள், டபுள் ட்யூட்டி வேண்டுமானாலும் பார்க்கிறேன் என்றான்.

நானும் கோபக்காரன்தான். ஆனால் அன்று எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. அதை அடக்கிக்கொண்டு சொன்னேன்.

"வெள்ளறடைக்கு அனுப்ப எங்கிட்ட வேற மாற்றாள் இல்ல, மக்கா."

அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு கம்பியை விட்டுவிட்டுப் போய்விட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அதிகப்பிரசங்கித்தனம் செய்துவிட்டோமோ என்று ஒரு பக்கம் அடித்துக்கொண்டது. என் மனைவி காரணம் கேட்டாள். ட்யூட்டி விஷயம் என்று மட்டும் சொன்னேன். சாயங்காலம் இரண்டு தரம் போனை எடுத்தேன், கூப்பிடாமல் வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமைக்கு இரண்டு பேருக்கும் டே போட்டிருந்தேன். வெள்ளறடை பஸ்ஸிலிருந்து இருவரும் ஒன்றாக இறங்குவதை அன்றுதான் முதலில் பார்த்தேன். ஷைலாவின் முகம் வீங்கியிருந்தது. விரல் வைத்துவிட்டு, பழைய பழக்கத்தில் ஜன்னலுக்கு முன்னால் நின்றாள். ரிப்போர்ட் வாங்கிக்கொள்ள வேண்டியவன் பக்கத்திலேயே நின்றதால் என்னிடம் சொன்னாள்.

"மரச்சீனி அவிச்சோம், சாரே. உப்பு கூடிப்போச்சு. பின்ன ரெண்டாளும் இருந்து கரைஞ்சோம்."

எங்கள் பக்கத்தில் அழுவதைக் கரைவது என்றுதான் சொல்வோம். சொல்லிவிட்டு அவள் பெண்கள் வார்டுக்குப் போனாள். ஜஸ்டின் நின்றான். அவனுடைய சர்ட்டிபிகேட் கையெழுத்தாகி என் மேசைமேல் தயாராக இருந்தது. எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினேன். அவன் அதைப் பார்த்தான், கை நீட்டவில்லை.

"அடுத்த ஞாயறும் வெள்ளறடைக்கு ரெண்டாளு போடணும், சாரே. ஒராளைக் கொண்டு ஆவாது" என்றான்.